புதிய நகரில் பயணக் கட்டணம்: நாள் சீட்டா, பயண அட்டையா, வங்கி அட்டையா?

விமானத்திலிருந்து இறங்கி, பெட்டியை இழுத்துக்கொண்டு ரயில் நிலையத்துக்கு வந்துசேரும் ஒருவர் முதலில் எதிர்கொள்வது சீட்டு விற்கும் இயந்திரத்தைத்தான். ஒருமுறைப் பயணமா, நாள் சீட்டா, மூன்று நாள் சீட்டா, வாரச் சீட்டா, எத்தனை மண்டலங்கள் (கட்டணத்துக்காக நகரைப் பிரித்திருக்கும் பகுதிகள்), விமான நிலையம் சேர்த்தா சேர்க்காமலா என்று அது அடுக்கிக்கொண்டே போகிறது. பின்னால் நிற்பவர்களின் அவசரம் முதுகில் உறைக்கிறது. பெரும்பாலோர் திரையில் தெரியும் விலைகளை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நடுவில் இருப்பதை அழுத்திவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அடுத்த சில நாள்களில் எத்தனை முறை, எங்கிருந்து எங்கே, எந்த நேரத்தில் பயணம் செய்யப்போகிறீர்கள் என்பதையே அந்த இயந்திரம் உண்மையில் கேட்கிறது. ஊருக்குப் புதியவருக்கு அந்த நேரத்தில் மிகக் குறைவாகத் தெரிந்த விஷயமும் அதுதான்.

ஆகவே கட்டண முறைகளை விலையை வைத்து ஒப்பிடுவதற்கு முன், ஒவ்வொன்றும் நம்மிடம் எவ்வளவு முன்கணிப்பைக் கேட்கிறது என்று பார்ப்பதே பயன் தரும் என்பது என் கருத்து. ஒருமுறைச் சீட்டு எதையும் கேட்பதில்லை. ஆனால் பல நகரங்களில் ஒரு பயணத்துக்கு ஆகும் செலவு அதில்தான் அதிகம், சில நகரங்களில் அது வழக்கத்திலேயே இல்லை. சிங்கப்பூர் மெட்ரோவில் ஒருமுறைச் சீட்டுகள் 2022-இல் நிறுத்தப்பட்டன; லண்டன் பேருந்துகளில் 2014 ஜூலை முதல் ரொக்கம் வாங்குவதில்லை. நாள் சீட்டும் வாரச் சீட்டும் எல்லாவற்றையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ள விரும்புபவை. பணம் ஏற்றிப் பயன்படுத்தும் பயண அட்டை நம்மிடம் கொஞ்சம்தான் கேட்கிறது, ஆனால் ஊரைவிட்டுக் கிளம்பும்போது மீதத் தொகை என்ற சிறு பாரத்தைக் கையில் வைத்துவிடுகிறது. நான்காவது வழி, சொந்த வங்கி அட்டையையோ கைப்பேசியையோ நுழைவாயிலில் நேரடியாகத் தொட்டுச் செல்வது.

இந்த நான்காவது வழியோடு கட்டண உச்சவரம்பும் சேர்ந்த நகரங்களில், வந்து தங்கிச் செல்பவருடைய கணக்கே மாறிவிடுகிறது. லண்டனை எடுத்துக்கொள்வோம். அங்கே வங்கி அட்டையைத் தொட்டுப் பயணம் செய்யும் முறை 2012 டிசம்பரில் பேருந்துகளிலும் 2014 செப்டம்பரில் சுரங்க ரயிலிலும் வந்தது. ஒரு நாளில் செய்யும் பயணங்களையெல்லாம் கணினி கூட்டிக்கொண்டே வருகிறது. பயணம் செய்த மண்டலங்களுக்கு உரிய நாள் வரம்பைத் தொட்டதும் அதற்கு மேல் ஏறும் ரயிலுக்கும் பேருந்துக்கும் பணம் பிடிப்பதில்லை. ஒரு வாரத்துக்கும் அதேபோல ஒரு வரம்பு உண்டு. அட்டையைத் தொட்டுக் கட்டணம் செலுத்தும் நியூயார்க்கின் ஓம்னி முறையில், ஒரே அட்டையை 7 நாள்களுக்குள் 12 முறை தொட்டுக் கட்டணம் செலுத்தியிருந்தால், அந்த 7 நாள் முடியும்வரை 13-வது பயணத்திலிருந்து இலவசம். பயணி எதையும் முன்னதாகத் தேர்ந்தெடுக்கவில்லை. மழை பெய்து விடுதியிலேயே முடங்கிக் கிடந்தால் அன்றைக்குச் செலவு இல்லை. நகரம் முழுக்கச் சுற்றினால் வரம்புக்கு மேல் போகாது. முன்கணிப்பு என்ற சுமையைப் பயணியின் தோளிலிருந்து எடுத்துக் கணினியின் தோளில் வைத்துவிட்ட ஏற்பாடு இது. இப்படி ஒரு வரம்பு இருக்கும் நகரத்தில், தெளிவான காரணம் ஏதும் இல்லாமல் சுற்றுலாச் சீட்டு வாங்குவது பெரும்பாலும் வீண் செலவு என்றே சொல்வேன்.

அட்டையைத் தொடும் அந்த நொடியில் நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்த்தால், பிறகு வரும் பல சிக்கல்கள் புரிந்துவிடும். கடையில் அட்டையைக் காட்டினால் கருவி வங்கியைத் தொடர்புகொண்டு அனுமதி வாங்குகிறது. அதற்கு ஓரிரு நொடி ஆகலாம். நெரிசல் நேரத்தில் நுழைவாயில் அவ்வளவு நேரம் காத்திருக்க முடியாது. லண்டன் போக்குவரத்து நிர்வாகம் அரை நொடிக்குள் கதவு திறக்க வேண்டும் என்று வரையறை வைத்தது. எனவே நுழைவாயிலில் இருக்கும் கருவி இரண்டை மட்டுமே பார்க்கிறது: இந்த அட்டை உண்மையானதா, தடைசெய்யப்பட்ட அட்டைகளின் பட்டியலில் இருக்கிறதா. இரண்டும் சரியாக இருந்தால் கதவு திறந்துவிடும். எவ்வளவு கட்டணம் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. நாள் முடிந்த பிறகு, அந்த அட்டை எண் எந்தெந்த நிலையத்தில் எத்தனை மணிக்குத் தொடப்பட்டது என்ற பதிவுகளை மையக் கணினி வரிசைப்படுத்தி, நுழைந்த இடத்தையும் வெளியேறிய இடத்தையும் இணைத்துப் பயணங்களாக மாற்றி, தள்ளுபடிகளையும் வரம்பையும் கணக்கிட்டு, ஒரே தொகையாக வங்கியிடம் கேட்கிறது.

இந்த வேலை முழுவதும் அட்டை எண் என்ற ஒரே நூலைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறது. அங்கேதான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். கைப்பேசியில் ஒரு வங்கி அட்டையைச் சேர்த்தால், பாதுகாப்புக்காக அந்தக் கைப்பேசிக்கென்று வேறொரு எண் உருவாக்கப்படுகிறது. கைக்கடிகாரத்தில் சேர்த்தால் அதற்கு இன்னொன்று. மூன்றுக்கும் பணம் போவது ஒரே கணக்கிலிருந்துதான் என்றாலும், போக்குவரத்துக் கணினியின் கண்ணுக்கு அவை மூன்று வெவ்வேறு பயணிகள். காலையில் கைப்பேசியைத் தொட்டு உள்ளே போனவர், இறங்கும் இடத்தில் கைப்பேசி பையின் அடியில் கிடப்பதால் பிளாஸ்டிக் அட்டையைத் தொட்டு வெளியே வந்தால், ஒருவர் நுழைந்து வெளியேறவே இல்லை, இன்னொருவர் நுழையாமலே வெளியேறினார் என்றுதான் பதிவாகும். லண்டனில் இப்படி முடிவுறாத பயணம் ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சக் கட்டணம் பிடிக்கப்படும். நாள் வரம்பும் இரண்டு எண்களுக்கிடையே சிதறிப்போகும். முதல் நாள் எதைத் தொட்டீர்களோ, ஊரைவிட்டுக் கிளம்பும்வரை அதையே தொடுங்கள் என்பதுதான் இந்த முறையைப் பயன்படுத்துபவருக்கு நான் சொல்லும் முதல் அறிவுரை.

வெளியேறும்போது தொட வேண்டுமா என்பதும் நகரத்துக்கு நகரம் மாறுகிறது. தூரத்தைப் பொறுத்துக் கட்டணம் வாங்கும் சிங்கப்பூரில் பேருந்திலிருந்து இறங்கும்போதும் தொட வேண்டும். சியோலில் இறங்கும்போது தொட்டால்தான் அடுத்த வண்டிக்கு மாறும் சலுகை கிடைக்கும். நெதர்லாந்தில் 2023 முதல் நாடு முழுவதும் ரயில், டிராம், பேருந்து எல்லாவற்றிலும் வங்கி அட்டையைத் தொட்டுப் போகலாம். ஆனால் ஏறும்போதும் இறங்கும்போதும் தொட்டாக வேண்டும். பல நிலையங்களில் தடுப்புக் கதவே இல்லாமல் வெறும் கம்பமாக நிற்கும் கருவியைக் கவனிக்காமல் நடந்து போய்விடுவது எளிது. லண்டனில் ரயிலுக்கு இருமுறை, பேருந்துக்கு ஏறும்போது ஒருமுறை மட்டும். எங்கு போனாலும் ஒரே கட்டணம் வாங்கும் நியூயார்க் சுரங்க ரயிலில் நுழையும்போது தொட்டால் போதும். தூரமோ மண்டலமோ கணக்கில் வந்தால் வெளியேறும்போதும் தொட வேண்டியிருக்கும் என்று நினைவில் வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தவறு நேராது.

வங்கி அட்டைக்கு வெளிநாட்டவரைப் பாதிக்கும் குறைகள் சில உண்டு. அந்நிய நாணயத்தில் நடக்கும் பரிவர்த்தனைக்குப் பல வங்கிகள் தொகையில் குறிப்பிட்ட சதவீதத்தைக் கட்டணமாக வாங்குகின்றன, அதை ஏற்றுக்கொள்ளலாம். சில வங்கிகள் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் ஒரு நிலையான தொகையைப் பிடிக்கின்றன. பயணக் கட்டணம் நாளுக்கு நாள் தனித்தனிப் பரிவர்த்தனையாக வருவதால், ஒரு வாரம் தங்கினால் அந்தத் தொகை ஏழு முறை பிடிக்கப்படும். சிங்கப்பூரில் வெளிநாட்டு வங்கிகள் வழங்கிய அட்டைகளுக்குப் பயணம் செய்யும் ஒவ்வொரு நாளுக்கும் தனியே ஒரு நிர்வாகக் கட்டணமும் உண்டு. கிளம்புவதற்கு முன் வங்கியின் கட்டண அட்டவணையைப் பத்து நிமிடம் படித்துப் பார்த்துவிடுவது நல்லது. பெயரில் எவ்வளவு ஒற்றுமை இருந்தாலும், ஒரு வங்கியின் ஓர் அட்டைக்கும் இன்னோர் அட்டைக்கும் இதில் பெரிய வேறுபாடு இருப்பதுண்டு. சீட்டு இயந்திரத்திலேயே அட்டையைச் செருகிப் பணம் கட்டும்போது, உங்கள் நாட்டு நாணயத்தில் செலுத்துகிறீர்களா என்று திரை கேட்டால், உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். மற்றதில் நாணய மாற்று விகிதத்தைத் தீர்மானிப்பது விற்பவர் தரப்பு, அது பெரும்பாலும் நமக்குச் சாதகமாக இருக்காது.

குடும்பமாகப் போகிறவர்களுக்குக் குறை வேறு. வங்கி அட்டைக்கு அதை வைத்திருப்பவரின் வயது தெரியாது. அது எப்போதும் பெரியவர் கட்டணத்தையே பிடிக்கும். லண்டனில் 11 முதல் 15 வயது வரையுள்ள வெளியூர்ச் சிறுவர்களுக்கு ஆய்ஸ்டர் என்ற உள்ளூர்ப் பயண அட்டையில் இளம் வருகையாளர் சலுகையை நிலைய ஊழியரிடம் கேட்டுப் பதியவைத்துக்கொண்டால், 14 நாள்கள்வரை பாதிக் கட்டணம்தான். ஊழியரிடம் போய்க் கேட்காதவருக்கு அந்தச் சலுகை தானாக வந்துசேராது. தவிர, ஒரு பயணிக்கு ஓர் அட்டை என்பது லண்டனில் கட்டாயம். கணவனும் மனைவியும் ஒரே அட்டையை அடுத்தடுத்துத் தொட்டு உள்ளே போக முடியாது. நியூயார்க்கில் உடன் வருபவருக்காக அதே அட்டையைத் தொடலாம், ஆனால் வரம்புக் கணக்கில் ஒருவருடைய பயணம் மட்டும்தான் சேரும். ஆகவே இரண்டு பேருக்கு மேல் போகும்போது, ஆளுக்கொரு வங்கி அட்டை கையில் இருக்கிறதா என்று வீட்டிலேயே எண்ணிப் பார்க்க வேண்டும். போதவில்லை என்றால் உள்ளூர்ப் பயண அட்டையே சரியான தேர்வு.

நாள் சீட்டும் வாரச் சீட்டும் ஒதுக்கித் தள்ள வேண்டியவை அல்ல. உச்சவரம்பு இல்லாத நகரங்களில் அவை இன்னமும் நல்ல பேரம்தான். ஆனால் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய கணக்கை நேர்மையாகச் செய்ய வேண்டும். சீட்டின் விலையை ஒருமுறைக் கட்டணத்தால் வகுத்தால், எத்தனை பயணம் செய்தால் லாபம் என்ற எண் கிடைக்கும். அந்த எண்ணை எட்டுவோம் என்று நம்புவதில்தான் ஏமாற்றம் தொடங்குகிறது. வந்திறங்கும் நாளும் கிளம்பும் நாளும் அரை நாள்கூட இருக்காது. பார்க்க வேண்டிய இடங்கள் நகரின் நடுப்பகுதியில் நெருங்கி இருந்தால், நடந்தே போய்விடுவோம். இன்னொன்று, ஒரு கட்டணத்திலேயே வண்டி மாறிப் போகும் வசதி. லண்டன் பேருந்திலும் டிராமிலும் முதல் முறை தொட்டதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பேருந்து மாறினாலும் ஒரே கட்டணம். டொரொண்டோவில் அது இரண்டு மணி நேரம். ரோமில் ஒருமுறைச் சீட்டு 100 நிமிடங்கள் செல்லும், அதற்குள் மெட்ரோவை ஒருமுறையும் பேருந்து, டிராம்களை வேண்டிய அளவும் பயன்படுத்தலாம். போய், ஒரு வேலையை முடித்து, திரும்புவதுகூட ஒரே பயணமாகிவிடும் ஊரில், நாம் ஆறு என்று எண்ணியது உண்மையில் மூன்றாகத்தான் இருக்கும்.

அடுத்துக் கவனிக்க வேண்டியது நாள்காட்டி. ‘வாரம்’ என்ற சொல் எல்லா ஊரிலும் ஒரே பொருளைத் தருவதில்லை. பாரிஸின் நவிகோ வாரச் சீட்டு திங்கள் முதல் ஞாயிறு வரைதான் செல்லும். நடப்பு வாரத்துக்கானதை வியாழன் வரை விற்பார்கள், வெள்ளி முதல் அடுத்த வாரத்துக்கானதே கிடைக்கும். திங்கள் காலை வந்திறங்குபவருக்கு அது அருமையான சீட்டு. பெரும் பாரிஸ் வட்டாரம் முழுவதும் செல்வதோடு, தனிக் கட்டணம் வாங்கப்படும் விமான நிலையப் பயணமும் அதில் அடங்கும். வியாழன் மாலை வருபவர் அதையே வாங்கினால் மூன்று நாளுக்குச் சற்று அதிகமாக மட்டுமே பயன்படுத்துவார். லண்டனின் வார வரம்பும் திங்களில் தொடங்கி ஞாயிற்றில் முடிகிறது. புதன் முதல் செவ்வாய் வரை தங்குபவருக்கு அது இரண்டு வாரங்களாக உடைந்து, எதிலும் வரம்பை எட்டாமலே போகலாம். நியூயார்க்கிலோ முதல்முறை தொட்ட நாளிலிருந்துதான் 7 நாள் எண்ணப்படுகிறது. ‘நாள்’ என்பதும் அப்படியே. லண்டனின் கட்டண நாள் அதிகாலை 4.30-க்குத் தொடங்கி மறுநாள் 4.29-க்கு முடிகிறது. டோக்கியோவில் சுற்றுலாப் பயணிகளுக்கென்று விற்கப்படும் சுரங்க ரயில் சீட்டு 24, 48, 72 மணி நேரங்களாக, முதலில் பயன்படுத்தும் நிமிடத்திலிருந்து எண்ணப்படுகிறது. மணி நேரக் கணக்கு உள்ள சீட்டை மாலை நான்கு மணிக்குத் தொடங்கினாலும் நஷ்டமில்லை. நாள் கணக்கு உள்ளதை மாலையில் தொடங்கவே கூடாது.

அந்த டோக்கியோ சீட்டே இன்னொரு பாடத்தையும் வைத்திருக்கிறது. அது டோக்கியோ மெட்ரோ, தோயெய் என்ற இரண்டு நிறுவனங்களின் சுரங்க ரயில்களுக்கு மட்டுமே செல்லும். நகர மையத்தைச் சுற்றிவரும் யமனோத்தே தடம் ஜேஆர் என்ற வேறொரு ரயில் நிறுவனத்துடையது என்பதால் அதில் ஏற முடியாது. வரைபடத்தில் எல்லாத் தடங்களும் ஒன்றாகப் பின்னிக் கிடப்பதைப் பார்க்கும் புதியவருக்கு, ஒரு கோடு ஒரு நிறுவனத்துக்கும் பக்கத்துக் கோடு இன்னொன்றுக்கும் சொந்தம் என்பது தோன்றாது. எந்தச் சீட்டானாலும் இரண்டு கேள்விகளைக் கேட்டுவிட்டால் போதும்: நான் தங்கும் விடுதிக்கு அருகிலுள்ள நிலையத்தில் இது செல்லுமா, விமான நிலையம்வரை செல்லுமா.

தடுப்புக் கதவே இல்லாத நகரங்களுக்கு வேறு வகையான கவனம் தேவை. பெர்லினின் சுரங்க ரயில் நிலையங்களில் யாரும் நம்மைத் தடுப்பதில்லை. காகிதச் சீட்டை வாங்கியதோடு வேலை முடிந்துவிட்டதாக நினைத்து நேரே ரயிலில் ஏறிவிடுகிறார்கள் பலர். நடைமேடையில் நிற்கும் சிறு பெட்டியில் சீட்டைச் செருகி, தேதியும் நேரமும் பொறித்துக்கொண்டால்தான் அந்தச் சீட்டுக்கு உயிர் வருகிறது. பொறிக்காத சீட்டு பரிசோதகரின் கண்ணில் சீட்டே அல்ல. பணம் கொடுத்து வாங்கிய சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே அபராதமும் கட்ட நேர்வது உண்மையிலேயே வருத்தமான அனுபவம். ஊருக்குப் புதியவன் என்ற விளக்கத்தைப் பரிசோதகர் ஏற்பார் என்று எதிர்பார்க்க முடியாது. இத்தகைய நகரங்களில் கைப்பேசிச் செயலியில் சீட்டு வாங்குவது பொறிக்கும் வேலையைப் பெரும்பாலும் மிச்சப்படுத்துகிறது. ஆனால் வண்டியில் ஏறுவதற்கு முன்பே வாங்கியிருக்க வேண்டும், பரிசோதகர் வரும்போது கைப்பேசியில் மின்சாரமும் இருக்க வேண்டும்.

எதையும் வாங்குவதற்கு முன், பணம் கொடுக்கத்தான் வேண்டுமா என்றும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. லக்சம்பர்க் நாட்டில் 2020 பிப்ரவரி 29 முதல் ரயிலின் முதல் வகுப்பைத் தவிர எல்லாப் பொதுப் போக்குவரத்தும் எல்லோருக்கும் இலவசம். சுவிட்சர்லாந்தின் பாசெல், ஜெனீவா நகரங்களில் விடுதியில் தங்குபவர்களுக்கு, தங்கும் நாள்கள் முழுவதும் செல்லும் பயண அட்டையை விடுதியே இலவசமாகத் தருகிறது. இதை அறியாமல் நிலையத்தில் நாள் சீட்டு வாங்கினால் ஒரே பயணத்துக்கு இருமுறை பணம் கொடுத்ததாகும். மெல்போர்ன் நகர மையத்தில் டிராமில் போவது 2015 முதல் இலவசம். அந்த எல்லைக்குள்ளேயே ஏறி இறங்குபவர், பழக்க தோஷத்தில் அட்டையைத் தொட்டுவிட்டால் கட்டணம் பிடிக்கப்பட்டுவிடும். அதே வேளையில், எஸ்டோனியாவின் தாலின் 2013-இல் தன் போக்குவரத்தை இலவசமாக்கிய நகரம் என்று பெயர் பெற்றாலும், அந்தச் சலுகை அங்கே குடியிருப்பவராகப் பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டுமே. செய்தித் தலைப்பை நம்பிச் சீட்டு வாங்காமல் ஏறும் வெளியூர்க்காரர் பரிசோதகரிடம் மாட்டிக்கொள்வார்.

இனி, பணம் ஏற்றிப் பயன்படுத்தும் அட்டைகள். கிழக்கு ஆசிய நகரங்களில் இவைதான் இன்றும் அன்றாட வாழ்க்கையின் நடுவில் இருக்கின்றன. ஹாங்காங்கின் ஆக்டோபஸ் 1997-இலும், டோக்கியோவின் சுய்க்கா 2001-இலும் வந்தவை. இரண்டும் சோனி உருவாக்கிய ஃபெலிகா என்ற தொழில்நுட்பத்தில் இயங்குகின்றன. மீதத் தொகை அட்டையின் சில்லிலேயே எழுதப்பட்டிருப்பதால் நுழைவாயில் யாரையும் கேட்க வேண்டியதில்லை, சுய்க்காவுக்கு 0.2 நொடி போதும். வெளியே வரும்போதே எவ்வளவு பிடித்தது, எவ்வளவு மிச்சம் என்பதும் திரையில் தெரிந்துவிடும். இது சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால் 2024 ஜனவரியில் சிங்கப்பூர் தன் பழைய அட்டைகளை நிறுத்திவிட்டு, மீதத் தொகையை அட்டையில் எழுதாமல் மையக் கணினியிலுள்ள கணக்கில் வைப்பதால் நுழைவாயிலில் அது தெரியாத கணக்குவழி முறைக்கு எல்லோரையும் மாற்றப்போவதாக அறிவித்தபோது, மக்கள் அதையே பெரிய குறையாகச் சொன்னார்கள். சில நாள்களிலேயே அரசு முடிவை மாற்றிக்கொண்டு பழைய முறையையும் தொடர ஒப்புக்கொண்டது. கையில் அளவான பணத்தோடு பயணம் செய்பவர்களுக்கு, ஒவ்வொரு முறையும் மிச்சத்தைக் கண்ணால் பார்ப்பது பெரிய ஆறுதல். அந்த மக்களின் பக்கம் நியாயம் இருந்தது என்றே நான் கருதுகிறேன்.

ஜப்பானில் 2013 மார்ச் முதல் சுய்க்கா உள்ளிட்ட 10 அட்டைகள் ஒன்றின் பகுதியில் மற்றொன்று செல்லும்படி இணைக்கப்பட்டுள்ளன. டோக்கியோவில் வாங்கிய அட்டை ஒசாக்காவிலும் நுழைவாயிலைத் திறக்கும். ஆனால் ஒரு பகுதியில் தொட்டு ஏறி, தொடர்ந்து பயணம் செய்து இன்னொரு பகுதியில் இறங்க முடியாது. நெடுந்தூரத்துக்குத் தனிச் சீட்டு வேண்டும். ஐபோனில், 2017-இல் வந்த 8-ஆம் மாதிரியிலிருந்து, எந்த நாட்டில் வாங்கியதானாலும் சுய்க்காவைச் சேர்க்கலாம். ஜப்பானுக்கு வெளியே விற்கப்படும் ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பெரும்பாலானவற்றில் அந்த வசதி இல்லை. அவற்றை வைத்திருப்பவர்கள் பிளாஸ்டிக் அட்டையைத்தான் நாட வேண்டும். சில்லுத் தட்டுப்பாட்டால் 2023-இல் சாதாரண சுய்க்காவின் விற்பனை நிறுத்தப்பட்டு, 2025 மார்ச்சில்தான் மீண்டும் தொடங்கியது.

இந்த அட்டைகளில் கடைசி நாளைப் பற்றி முதல் நாளே யோசிக்க வேண்டும். சுற்றுலாப் பயணிகளுக்கான வெல்கம் சுய்க்கா அட்டைக்கு வைப்புத்தொகை கிடையாது. ஆனால் 28 நாள்களுக்குத்தான் செல்லும், மீதத் தொகை திரும்ப வராது. சாதாரண சுய்க்காவைத் திருப்பிக் கொடுத்து வைப்புத்தொகையையும் மீதத்தையும் வாங்கலாம், அதுவும் ஜேஆர் கிழக்கு நிறுவனத்தின் நிலையங்களில் மட்டுமே. டோக்கியோவில் இறங்கி ஒசாக்காவிலிருந்து விமானம் ஏறுபவருக்கு அந்த வழி அடைபட்டுப் போகிறது. ஹாங்காங்கில் வாங்கி 90 நாள் ஆவதற்குள் ஆக்டோபஸைத் திருப்பித் தந்தால் ஒரு சிறு கட்டணத்தைக் கழித்துக்கொள்வார்கள். ஆகவே கடைசி இரண்டு நாள்களில் பெரிய தொகை எதையும் ஏற்றாமல், தேவைப்படும்போது குறைந்தபட்சத் தொகையை மட்டும் ஏற்றுவது நல்லது. இந்த அட்டைகள் கடைகளிலும் செல்லுபடியாவதால், விமான நிலையத்தில் ஒரு தண்ணீர்ப் புட்டி வாங்கும்போது முதலில் அட்டையிலுள்ள மீதத்தை முழுவதும் கழித்து, குறைவதைச் சில்லறையாகக் கொடுக்கலாமா என்று கேட்டுப் பார்க்கலாம்.